எமது குடலில் வாழும் ஈ.கோலை: பெண்கள் அறியவேண்டியவை

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மண்டபத்தில் எத்தனையோ பேச்சுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கு ஒருநாளும் வாய்விட்டுப் பேசாத விடயம் ஒன்று உண்டு. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டால் பிற்பகல் திரும்பும்வரை தண்ணீர் குடியாமல் இருக்கப் பழகியிருந்தோம். குடித்தால் மலசலகூடம் போகவேண்டும். அங்கே நீண்ட வரிசை. வாளியில் தண்ணீர் இராது. கதவுக்குக் கொளுக்கி இராது. "வீட்டை போய்ப் பாப்பம்" என்று அடக்கிக்கொண்டோம். பிறகு எரிவு வந்தது. அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டோம். சொன்னவர்களுக்கு "உடம்புச் சூடு" என்று இளநீர் கிடைத்தது.

அந்த எரிவுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பற்றீரியா என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். 1885ஆம் ஆண்டு ஜேர்மனியின் மியூனிக் நகரில், தியோடோர் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர் பச்சிளங் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது இதனைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே இது எஷரிக்கியா கோலை என்று அழைக்கப்படுகிறது.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பிறந்து சில நாட்களுக்குள்ளேயே இது எமது குடலில் குடியேறிவிடுகிறது. எமக்கு விற்றமின் கே தயாரித்துத் தருகிறது. தீய கிருமிகளுக்கு இடம் கொடாமல் தடுக்கிறது. முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1917இல், தோழர்கள் வயிற்றோட்டத்தால் துன்புற்றபோதும் நோயுறாதிருந்த ஒரு போர்வீரரின் குடலிலிருந்து அல்பிரட் நிஸ்லே என்பவர் பிரித்தெடுத்த ஈ.கோலை வகை, இன்றும் மருந்தாகப் பயன்படுகிறது.

அப்படியானால் நோய் எப்படி வருகிறது? இரண்டு வழிகளில். ஒன்று, குடலில் இருக்கவேண்டியது இடம் மாறிச் சிறுநீர்ப்பையை அடைவது. மற்றையது, நச்சுப்பொருளைச் சுரக்கும் வேறு வகைகள் உணவு, தண்ணீர் மூலம் உள்ளே வருவது.

முதலாவது பெண்களை அதிகம் வாட்டுகிறது. எமது சிறுநீர்வழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமானது. ஆண்களுக்கு அது சுமார் 20 சென்ரிமீற்றர். மலவாசலும் அருகிலேயே இருப்பதால் கிருமி இலகுவாக ஏறிவிடுகிறது. பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது சிறுநீர்த் தொற்று வருகிறது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. போதிய தண்ணீர் குடிப்பது, அடக்கி வைக்காதிருப்பது, முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்வது, தாம்பத்திய உறவின் பின் சிறுநீர் கழிப்பது ஆகியவை உதவும். குறைவாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளான பெண்கள், நாளொன்றுக்கு 1.5 லீற்றர் மேலதிகமாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

காய்ச்சல், நடுக்கம், முதுகின் பக்கவாட்டில் நோ, வாந்தி ஆகியவை இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். கர்ப்பிணிகள் சிறு எரிவையும் அலட்சியம் செய்யக்கூடாது. குறைமாதப் பிரசவத்துக்கு அது காரணமாகலாம். முன்பு மிஞ்சிய அன்ரிபயோற்றிக் குளிசைகளைத் தாமாக எடுப்பதும், இரண்டு நாளில் சுகம் என்று இடையில் நிறுத்துவதும் வேண்டாம். இன்று பல ஈ.கோலை வகைகள் வழக்கமான மருந்துகளுக்கு அடங்குவதில்லை.

இனி இரண்டாவது வழி. விழாவுக்கு வந்து இரண்டாம் நாளே வயிற்றோட்டத்தால் படுத்த சகோதரிகள் இங்கே இருக்கிறார்கள். பயணிகளுக்கு வரும் வயிற்றோட்டத்துக்கு முக்கிய காரணமும் ஈ.கோலையின் ஒரு வகைதான். ஆனால் இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 2011இல் ஜேர்மனியில், முளைக்கவிட்ட வெந்தயத்தால் பரவிய கடுமையான வகையொன்று சுமார் 3,800 பேரைப் பாதித்தது; 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலரது சிறுநீரகங்கள் செயலிழந்தன. முளைவிட்ட தானியங்களை வேகவைத்து உண்பதே பாதுகாப்பு.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. கிணறே எமது உயிர். நிலத்தடியோ வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும் அருகருகே இருந்தால், குழியின் கசிவு கிணற்றை அடைய அதிக நேரம் எடுக்காது. 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல. கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். நன்கு கொதித்துக் குமிழிட்டபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, ஆறவைத்துக் குடியுங்கள்.

சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டிருக்கிறது. வளைவும் சிலையும் அழகுதான். ஆனால் சென்ற வாரம் சிறு பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்ப் போத்தல் நிரம்பியபடியே இருப்பதைக் கண்டு காரணம் கேட்டோம். நாங்கள் அன்று சொன்ன அதே பதிலைத்தான் சொன்னார்கள். ஆகவே முதலில் மலசலகூடங்களைத் திருத்துவோம். ஒவ்வொரு கதவுக்கும் கொளுக்கி, குழாயில் எந்நேரமும் தண்ணீர், கைகழுவச் சவர்க்காரம், துப்புரவு செய்பவருக்கு மாதாமாதம் ஒழுங்கான சம்பளம். கட்டுவதோடு நில்லாமல் பராமரிப்புக்கும் ஒரு நிதியம் வைப்போம்.

எமது பிள்ளைகள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கட்டும்.