கடல் கடந்த தொண்டுக்கு ஆயத்தம்



மருத்துவமும் செவிலியமும் பயிலும் நம் பிள்ளைகள் சிலர், அயல்நாடு சென்று தொண்டாற்ற விழைவதாக நம்மிடம் கூறினர். கேட்டுப் பெருமிதம் கொண்டோம். ஆயினும் பட்டமும் கடவுச்சீட்டும் மட்டும் கைக்கொண்டு புறப்படுவது போதாது. 2014ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம்.

அவ்வாண்டு கினியா, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா என்னும் கொள்ளைநோய் பரவிற்று. அது ஓய்வதற்குள் 11,000 பேருக்கு மேல் மாண்டனர். சிறு நாடாகிய கியூபா 256 மருத்துவப் பணியாளரை அங்கு அனுப்பிற்று. அவர்களுள் பலர் முன்பே அயல்நாடுகளில் பணியாற்றியவர்கள். அவர்களையுங்கூட ஹவானாவிலுள்ள பெத்ரோ கௌரி வெப்பமண்டல மருத்துவக் கழகத்தில், கூடாரங்களால் ஒத்திகை மருத்துவமனை அமைத்துப் பயிற்றினர். காப்புடையை அணிவது எளிது; கழற்றுவதிலேதான் இடர். குருதியும் வாந்தியும் படிந்த கையுறை, களைப்பில் ஒருமுறை கண்ணைத் தீண்டினாலும் நோய் தொற்றக்கூடும். ஆகவே ஒருவர் கழற்ற, மற்றொருவர் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்க வேண்டும். அவ்வெப்பத்தில் அவ்வுடையோடு ஒரு மணி நேரம் பணிசெய்வதே அரிது. கைகள் திரும்பத் திரும்பச் செய்து கற்க வேண்டிய பாடம் இது. நாமோ பிள்ளைகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதப் பழக்கிவிட்டோம். ஆசிரியராகிய நமக்கும் அதில் பொறுப்புண்டு.

அத்துணை ஆயத்தம் செய்தும் அக்குழுவினர் இருவர் இறந்தனர். எபோலாவால் அன்று, மலேரியாவால். எபோலா தொற்றிய மருத்துவர் ஒருவர் ஜெனீவாவில் சிகிச்சை பெற்றுத் தேறி, மீண்டும் சியரா லியோனுக்கே சென்றார். அயல்நாட்டு மருத்துவப் பணிகளால் கியூப அரசு வருவாய் ஈட்டுகிறது என்னும் குறைகூறலும் உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. பயிற்சியில் அவர்கள் காட்டிய கண்டிப்பு நாம் கொள்ளத்தக்கது.

மற்றோர் ஆயத்தமும் உண்டு. எபோலாவால் இறந்தோர் உடலிலிருந்து நோய் எளிதில் தொற்றும். உடலைக் கழுவி, தொட்டு வழியனுப்புவதோ அப்பகுதி மக்களின் வழக்கம். தொடக்கத்தில் உடல்களைப் பையிலிட்டு, உறவினரை அண்டவிடாது புதைத்தனர். மக்கள் அஞ்சி நோயாளிகளை ஒளித்தனர். பின்னர், 2014ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், குடும்பத்தாரையும் சமயத் தலைவரையும் கலந்து மரியாதையுடன் அடக்கம் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. உடல்களைச் சுமந்தவர்களுள் பலர் உள்ளூர் இளைஞர்கள். அவர்களை அண்டை வீட்டாரே ஒதுக்கினர். சிலரைச் சொந்த வீட்டாரும் சேர்க்கவில்லை.

இதைக் கேட்கையில் நம் நெஞ்சு அசைகிறதன்றோ? பறை முழக்கியும் குழி வெட்டியும் ஊராரின் இறந்தோரை வழியனுப்பிய நம் முன்னோர்க்கு ஊர் அளித்தது என்ன என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் பாட்டனின் தொழிலைச் சொல்லக் கூசுகின்றனர். அவர்களைக் குறை சொல்லோம். அத்தொழில் நம்மீது சுமத்தப்பட்டது. அதனைப் போற்றவும் மாட்டோம். ஆயினும் துக்க வீட்டு வாசலில் எவ்வாறு நிற்பது, யாரிடம் முதலில் பேசுவது, எப்போது வாய் மூடியிருப்பது என்பதெல்லாம் அப்பாட்டனுக்குத் தெரியும். விண்ணப்பம் நிரப்புமுன் ஒரு மாலைப்பொழுது அவரருகே அமர்ந்து கேட்டு வாருங்கள்.

கினியா போன்ற நாடுகளில் பிரெஞ்சு மொழியே ஆட்சிமொழியாக இருந்து வந்துள்ளது. அதனைப் பயில விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் தருக. வகுப்பு நடத்த ஏற்பாடு செய்வோம்.