தலைக்கோலும் பத்தாம் வகுப்பும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பள்ளியை விட்டு நின்ற இளைஞர்கள் கலை வழியாகக் கல்வித் தகுதி பெறுவது எப்படி என்பதே நம் கருத்தரங்கின் பொருள். தலைமையுரையின் கடமை வாழ்த்துவது மட்டுமன்று, விவாதத்துக்கு ஒரு கருத்தை முன்வைப்பதும்தான். என் கருத்து இது: கலையைத் தூண்டிற்புழுவாக மட்டும் பயன்படுத்தினால் பயன் பாதிதான். கலையில் ஓர் இளைஞர் கற்றது கல்வியாகவே மதிப்பிடப்பட வேண்டும். அந்த மதிப்பீடு பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு சேர்ந்தே அவர் கைக்கு வர வேண்டும்.

இந்த வட்டாரத்தில் சான்றிதழ் வெறும் அலங்காரம் இல்லை. 1949இல் டி.ஐ. சைக்கிள் ஆலை அம்பத்தூருக்கு வந்தது. 1960களில் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வளர்ந்தன. இங்கே பிழைப்புக்கு முதற்படி ஐ.டி.ஐ. அதன் சில பிரிவுகளில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பெரும்பாலானவற்றுக்குப் பத்தாம் வகுப்பு. ஏழாம் வகுப்போடு நின்றவர் லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேரலாம். கைத்திறன் வளர்ந்தாலும் அதைச் சொல்லும் தாள் இருக்காது. கூவம் கரையிலிருந்து அத்திப்பட்டுக்கும் கூடப்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டோடு பள்ளியும் மாறிவிடுகிறது. அம்பத்தூர் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஒரு மாவட்டத்தின் பள்ளிப் பட்டியலில் விடுபட்ட பெயர் மற்றதன் பட்டியலில் தானாக ஏறுவதில்லை. கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. பதினைந்து வயதில் நின்றவரைத் தேடிச் செல்லும் கடமை எந்த அலுவலகத்துக்கும் தெளிவாக இல்லை.

அவரைத் தேடிச் செல்லும் ஆற்றல் கலைக்கு உண்டு என்பதற்குச் சான்று ஏராளம். 1990களின் அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தையும் பாட்டையும் கொண்டே ஊர் ஊராக மக்களை எழுத்தருகே அழைத்து வந்தது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் கலைக்குழுக்களையே முன்னால் அனுப்பியது. இரண்டிலும் கலை வாசல்வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே போனது காஞ்சிபுரம் அருகே இயங்கிய கட்டைக்கூத்து குருகுலம். பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் கட்டியெழுப்பிய அந்த உறைவிடப் பள்ளி, 2002 முதல் 2020 வரை கூத்தையும் பள்ளிப் படிப்பையும் ஒரே கூரையின்கீழ் நடத்தியது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் பயின்றார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தில் விருத்தமும் வசனமும் மனத்தில் நிற்க வேண்டும். ராகமும் தாளமும் பிசகக் கூடாது. மேடையிலேயே சொல் கட்டி எதிராளிக்கு விடை சொல்ல வேண்டும். இத்தனையும் செய்பவருக்கு மொழிப்பாடம் வராது என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று நாடு அதை எதிர்த்தது. 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. பறையடிக்கும் குடும்பத்துப் பையனுக்குப் பறையில் சான்றிதழ் கொடுப்பது அதே கதைதானே என்று கேட்பவர்களை அலட்சியம் செய்ய முடியாது. சாவு வீட்டில் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்வி அது. என் விடை இரண்டு நிபந்தனைகள். எந்தக் கலை என்பதைக் கற்பவரே தேர வேண்டும். எந்தச் சாதிப் பிள்ளைக்கும் எந்தக் கலையும் திறந்திருக்க வேண்டும். அடுத்து, கலைச்சான்று தனியாக வழங்கப்படக் கூடாது. பொதுக்கல்விச் சான்றோடுதான் வர வேண்டும். குலக்கல்வி பொதுக்கல்வியைக் குறைத்துத் தொழிலைத் திணித்தது. நாம் கேட்பது கலையைக் கொண்டு பொதுக்கல்வியைக் கூட்டுவது.

கலையை அளக்க முடியுமா, அளந்தால் அது செத்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. தமிழுக்கு இது புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் மன்னன் முன் ஆடித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அவள் ஆடுவதற்கு முன்பே ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று இளங்கோ விரிவாக வகுத்துவிடுகிறார். பயிற்றுவோருக்கு அளவுகோல், பயில்பவருக்குக் காலவரை, முடிவில் அவையோர் முன் மெய்ப்பித்தல்: தேர்வு என்பதன் உறுப்புகள் எல்லாமே அங்கு இருக்கின்றன. பிரிட்டனில் 2005இல் தொடங்கிய ஆர்ட்ஸ் அவார்டு, இளைஞர் தாமே தொகுத்த படைப்புப் பதிவேட்டை வைத்து மதிப்பிட்டதும் இந்த வகைதான். மூன்று மணி நேரத் தாள்தான் தேர்வு என்ற பழக்கமே நமக்குத் தடை.

வழிகள் ஏற்கெனவே உள்ளன. பதினான்கரை வயது நிறைந்தவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயதில் சேர்ந்து, ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளில் பாடம் பாடமாக முடிக்கலாம். ஓவியமும் கர்நாடக இசையும் அங்கே தேர்வுப் பாடங்கள். 2023ஆம் ஆண்டு மாநில நிதிநிலை அறிக்கை 25 பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களை அறிவித்தது. ஒருபுறம் தேர்வு, மறுபுறம் பயிற்சி. நடுவில் இணைப்பு இல்லை. குருகுலம் மூடப்பட்டதோடு அந்த இணைப்பை ஒரே இடத்தில் காட்டிய பள்ளியும் போயிற்று. ஒரு நிறுவனத்தின் ஆயுளை நம்பி இதை விடக் கூடாது என்பதே அது தரும் பாடம். ஆகவே அமர்வுகளுக்கு மூன்று வேலை தருகிறேன்: கூத்து, பறை, வீதி நாடகம் ஒவ்வொன்றிலும் எந்தத் திறன் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று வரையறுங்கள், மதிப்பிடும் ஆசான்களுக்குத் தகுதி வகுங்கள், பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு இரு மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரே பட்டியலுக்கு வடிவம் கொடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.