முதுமையும் உடற்குறையும்: இரு சட்டங்கள், ஒரு கடமை

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாற்பது ஆண்டுகள் ஏர் பிடித்த ஓர் உழவரை எண்ணிப் பாருங்கள். வயது எழுபதைக் கடந்துவிட்டது. ஒரு கண்ணில் பார்வை போயிற்று, மற்றொன்றிலும் மங்கிவிட்டது. முழங்கால் மடங்குவதில்லை. சமுதாயக் கூடத்தின் நான்கு படிகளை ஏற இயலாமையால் கிராம சபைக்கு வருவதையே அவர் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால், "வயதாகிவிட்டது" என்று ஊரார் விடை கூறுகின்றனர். அதே படிகளை ஏற இயலாத இருபது வயது இளைஞன் ஒருவன் இருப்பின், அவனுக்குச் சாய்தளம் அமைக்க வேண்டும் என்கிறோம். இருவரையும் தடுப்பவை அதே நான்கு படிகளே. இளைஞனுக்கு அது உரிமை, முதியவருக்கு அது தலைவிதி என்று கூறுவது முறையாகுமா? இவ்வொரு கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நமது அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் மக்கள் பொது உதவி பெறுவதற்கு அரசு வகை செய்தல் வேண்டும் என்கின்றது. முதுமையையும் உடற்குறையையும் அது ஒன்றாகவே எண்ணியது. பின்னர் வந்த சட்டங்களோ இரண்டாகப் பிரிந்தன.

முதலாவது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அறுபது வயது நிறைந்தோர் இச்சட்டத்தின்கண் மூத்த குடிமக்கள் ஆவர். பெற்ற பிள்ளைகள் பேணத் தவறினால், நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். "இறுதி வரை பேணுவேன்" என்னும் நிபந்தனையின் மேல் எழுதி வாங்கிய நிலத்தை, வாக்கு மீறப்பட்டால் மீட்டுத் தரவும் 23-ஆம் பிரிவு இடமளிக்கின்றது. ஆகவே, தானப் பத்திரம் எழுதுவோர் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பார்வைக் குறைவு, செவிக் குறைவு, நடுக்குவாத நோய் முதலாக 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்றுக்கொள்கின்றது. அவற்றுள் பல முதுமையில் மிகுதியாக வருவன. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பின் தனி நன்மைகள் பல உண்டு. ஒருவரை மாற்றுத்திறனாளியாக ஏற்பதற்கு இச்சட்டத்தில் வயதுக்கு மேல் வரம்பு கூறப்படவில்லை என்பதை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும். எழுபது வயதில் பார்வை இழந்தவரும் மருத்துவச் சான்று பெறத் தக்கவரே. "முதுமையில் இது இயல்புதானே" என்று அவரைத் திருப்பியனுப்புதல் தவறாகும்.

இதனால் விளையும் வேறுபாடு சிறிதன்று. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய தொகை, அத்தகைய திட்டங்களில் பிறர்க்குரியதைவிட 25 விழுக்காடேனும் மிகுதியாக இருத்தல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு கூறுகின்றது. 2023-இல் நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாயாகவும், மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை 1,500 ரூபாயாகவும் உயர்த்தப்பெற்றன. மாதம் 300 ரூபாய் என்பது தனித்து வாழும் ஒரு மூதாட்டிக்கு மருந்துச் செலவு அல்லவா?

இவ்விரு சட்டங்களின் நோக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னது முதியவரைப் பேணப்பட வேண்டியவராகக் காண்கின்றது. பின்னதோ, தம் சொத்தையும் பணத்தையும் தாமே ஆளும் உரிமை உடையவராக மாற்றுத்திறனாளியைக் காண்கின்றது. அதன் 13-ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகக் கூறுகின்றது. பார்வை மங்கிய பெரியவரின் கையைப் பிடித்து, படித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அவருக்குச் சோறும் வேண்டும். தம் நிலத்தைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமையும் வேண்டும். ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பறித்தல் அறமாகாது.

மற்றொரு துயரையும் கூற வேண்டும். அறிவு வளர்ச்சி குன்றிய ஐம்பது வயது மகனை எழுபத்தைந்து வயதுத் தாய் பேணி வரும் இல்லங்கள் உண்டு. "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்பதே அத்தாயின் கவலை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட குழு அத்தகையோருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். தாய் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க உதவுவது உங்கள் கடமை.

ஊராட்சி செய்யத் தக்கவை யாவை? 73-ஆம் திருத்தத்தால் வந்த பதினோராம் அட்டவணை ஊராட்சிக்குரிய 29 பொருள்களைக் கூறுகின்றது. அவற்றுள் 26-ஆவது, மாற்றுத்திறனாளிகள் நலம் உள்ளிட்ட சமூக நலமாகும்.

முதலாவதாக, பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் அமையுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இதனைக் குறைத்தால் சக்கர நாற்காலி ஏறாது, ஊன்றுகோல் வழுக்கும். இருபுறமும் கைப்பிடி வையுங்கள். கருவுற்ற பெண்ணுக்கும் அது உதவும்.

இரண்டாவதாக, வீடுதோறும் சென்று, அறுபது வயது கடந்தோருள் பார்வை, செவி, நடை குன்றியோரைப் பட்டியலிடுங்கள். மருத்துவச் சான்று முகாமுக்கு அவர்களை அழைத்துச் செல்ல வண்டி ஏற்பாடு செய்யுங்கள். முகாம் நடப்பதை அறியாதவர்க்கும், அறிந்தும் செல்ல இயலாதவர்க்கும் அதனால் பயன் என்ன?

மூன்றாவதாக, அவர்களைக் கலந்தே முடிவு செய்யுங்கள். 2025-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் திருத்தப்பெற்று, ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி வகுக்கப்பட்டது. அவ்வாறு வருவோர் முதியோரின் குறைகளையும் எடுத்துரைக்க ஊக்கமளியுங்கள்.

இவ்விரு சாராரையும் ஒருங்கே கருதுதல் புதிதன்று. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற தாயுமானவர் திட்டத்தில், முதியோர் இல்லத்துக்கும் மாற்றுத்திறனாளி இல்லத்துக்கும் ஒரே வண்டியில் நியாய விலைக் கடைப் பொருள்கள் சென்றன.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள் காந்தியடிகள் பிறந்த நாளில் கிராம சபை கூடுகின்றது. அன்று உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வராதவர் யார் யார் என்று பாருங்கள். அவர்களைத் தடுத்தது எதுவென்று அவர்களையே கேளுங்கள். படியெனில் படியை மாற்றுங்கள். நாமும் ஒரு நாள் அவ்வழியே வர வேண்டியவர்களே.