சுட்டவர் யாரென்று தெரிந்த வழக்கு

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடந்த தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீதி என்ற பொருளைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் பேச வேண்டிய பொருள் இது. நாங்களோ செக்ரோல் எழுதுகிற கிராணிகள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் வாரியாகக் கணக்குப் பார்ப்பதுதான். யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் என்ன ஆனார் என்று தினமும் காலைப் பெரட்டில் பார்க்கிறோமே, அதே கண்ணோடு இதையும் பார்ப்போம்.

வரும் வழியில் லைட் ஸ்திரீட்டில் உயர் நீதிமன்றத்தைப் பார்த்திருப்பீர்கள். 1807-ல் இங்கிலாந்து அரசர் சாசனம் கொடுத்து, மறு ஆண்டே இந்தத் தீவில் கோர்ட்டுத் திறந்தார்கள். அதன் எதிரே லோகன் என்ற வழக்கறிஞருக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. வெள்ளையர் அல்லாதவர்களின் உரிமைக்காக வாதாடியவர், 1869-ல் காலமானார். அந்தச் சின்னத்தின் மூலைகளில் இருக்கும் உருவங்களில் ஒன்று நீதி. கல்லிலே நீதிக்குக் குறைவில்லை, தோழர்களே!

தோட்டத்தில் நாம் காண்பது என்ன? ஒரு வாளி ஒட்டுப்பால் காணாமல் போனால் அன்று மாலையே லயத்துக்குப் போலீஸ் வண்டி வந்து நிற்கிறது. மரம் வெட்டுகிறவரின் மோட்டார் சைக்கிள் களவு போனால், புகார்ச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் மாதக்கணக்கில் அலைகிறார். இரண்டும் களவுதான். பிறகு யாரைக் கேட்டாலும், "போலீசில் சொல்லி என்னய்யா ஆகப் போகிறது?" என்கிறார்கள். இந்தக் கோபத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் புகாரே கொடுக்காமல் இருந்துவிடுகிறோமே, அதனால் யாருக்கு இலாபம்? வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு மரம் வெட்டுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். பாஸ்போர்ட்டை நினைத்து அவர்கள் வாயே திறப்பதில்லை.

துப்புக் கிடைக்காத குற்றம் என்று சொல்கிறார்களே, எல்லாக் குற்றத்துக்கும் துப்புக் கிடைக்காமலா போகிறது? ரப்பர் தோட்டத்தில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

சிலாங்கூரில் பத்தாங் காலி என்ற ஊர். அதன் பக்கத்தில் சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டம். 1948 டிசம்பர் 11-ஆம் தேதி, அவசரகாலம் அறிவித்து ஆறு மாதம் ஆகியிருந்த நேரம், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பட்டாளத்தின் ஒரு பிரிவு அந்தத் தோட்டத்துக் குடியிருப்பில் புகுந்தது. அங்கே இருந்தவர்கள் நம்மைப் போலவே மரத்தை நம்பி வாழ்ந்த சீனத் தொழிலாளர்கள். ஆண்களைத் தனியே, பெண்களையும் பிள்ளைகளையும் தனியே பிரித்தார்கள். அன்று மாலையே ஒருவரைச் சுட்டார்கள். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, 23 பேரைச் சுட்டார்கள். மொத்தம் 24 பேர். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. குடிசைகளுக்கும் தீ வைத்தார்கள். மயங்கி விழுந்த ஒருவரைச் செத்தார் என்று விட்டுப் போனதால் அவர் மட்டும் பிழைத்தார்.

ஒரு தோட்டத்து ஆண்கள் 24 பேர் மறுநாள் பெரட்டுக்கு வரவில்லை என்றால் அந்தச் செக்ரோல் எப்படி இருந்திருக்கும்? எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தாளை நினைத்தாலே கை நடுங்குகிறது.

சர்க்கார் சொன்ன பதில் ஒரே வரி: தப்பி ஓட முயன்றார்கள், சுட்டோம். 1949 ஜனவரியில், தப்பி ஓடுகிறவரைத் தடுக்கச் சுடலாம் என்று அவசரகாலச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். முன்பு நடந்ததற்கும் செல்லும்படி அதை எழுதினார்கள். மரத்தை வெட்டி முடித்த பிறகு வெட்டச் சொல்லி உத்தரவு எழுதுவதைப் போல!

இதிலே துப்புக்கு என்ன குறை? எந்தப் பட்டாளம், எந்தப் பிரிவு, என்ன தேதி, எல்லாம் தெரியும். 1970-ல் 'பீப்பிள்' என்ற லண்டன் பத்திரிகை, அங்கே இருந்த சிப்பாய்கள் சிலர் உண்மையைச் சொல்லிக் கையெழுத்திட்டதை வெளியிட்டது. யாரும் ஓடவில்லை, சுட்டுக் கொன்றோம் என்றார்கள். ஸ்காட்லாந்து யார்டு விசாரணையைத் தொடங்கியது. மலேசியாவுக்கு வந்து இங்குள்ளவர்களையும் விசாரிக்க இருந்தது. அந்த ஆண்டே இங்கிலாந்தில் ஆட்சி மாறியது, விசாரணையை நிறுத்திவிட்டார்கள். 1990-களில் நம் நாட்டுப் போலீசும் விசாரித்து, ஆதாரம் போதாதென்று கோப்பை மூடியது. குடும்பத்தார் விடவில்லை. லண்டன் கோர்ட்டுகளில் ஏறி, 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். குற்றமற்றவர்கள் இரக்கமின்றிக் கொல்லப்பட்டார்கள் என்பதற்கே சான்று மிகுதி என்று கெர் பிரபு என்ற நீதிபதி எழுதினார். ஆனாலும் விசாரணைக்கு உத்தரவிடச் சட்டம் இடம் தரவில்லை, காலம் கடந்துவிட்டது என்று நால்வர் மறுத்தார்கள். ஹேல் என்ற பெண் நீதிபதி ஒருவர்தான் மாறுபட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2018-ல் ஏற்கவில்லை. காலத்தைக் கடத்தியவர்கள் யார் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

அதே சிலாங்கூரில், மூன்று மாதம் கழித்து நடந்ததையும் பாருங்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்தவர், 1949 மார்ச்சில் ஒரு கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். அவசரகாலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. அந்த மாதத்திலேயே தீர்ப்பு. தண்டனையைக் குறைக்கும்படி இந்திய சர்க்கார் கேட்டது, பலிக்கவில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் கொள்கையை ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அந்த வாதம் இங்கே வேண்டாம். சட்டம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு மட்டும் அந்தத் தேதிகளை வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வைத்திருந்தவருக்கு இரண்டு மாதம் போதுமாக இருந்தது. துப்பாக்கியால் 24 பேரைக் கொன்றவர்களுக்கு 67 ஆண்டு போதவில்லை.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை, அவனோடு போயிற்று என்று சிலர் சொல்லலாம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் ஒரு தமிழ் இளைஞர் இறந்தார்; வயது 22. நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. உறவினர்கள் பிணவறைக்குள் போய் உடலைப் படம் எடுத்தார்கள். இரண்டாவது பரிசோதனை கேட்டார்கள். அதிலேதான் அடியும் காயமும் வெளிவந்தன. கடைசியில் ஒரே ஒரு போலீஸ்காரருக்குக் காயம் விளைவித்த குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறை. அதே ஆண்டு ஜூலையில் ஷா ஆலம் ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்குச் சாட்சியாகப் போன தியோ பெங் ஹொக் பிணமாகக் கிடந்தார். ஒருவரோ பலரோ செய்த செயலால் இறந்தார் என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த ஒருவர் யார் என்று எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. ஆகவே, தமிழனுக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். போலீஸ் நடத்தையை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2005-லேயே அரச ஆணையம் பரிந்துரை செய்தது. 2023 ஜூலையில் ஒன்று வந்தது. விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க அதிகாரம் இல்லை. பல் இல்லாத நாய் என்றாலும் குரைக்கவாவது செய்யட்டும். அதற்கும் நாம்தான் தட்டி எழுப்ப வேண்டும்.

இந்த வழக்குகளில் கொஞ்சமேனும் நகர்ந்தவை, குடும்பத்தார் காகிதத்தையும் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு விடாமல் நின்றதால் நகர்ந்தவை. அதனால் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆம் பிரிவு சொல்கிறது. அது போலீஸ் காட்டும் தயவு அல்ல. இன்னொன்று, நம்மில் பலர் கேள்விப்படாதது, 107ஏ பிரிவு. வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்துக்குப் புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகிவிட்டால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நிலையத்தைக் கேட்கலாம். இரண்டு வாரத்தில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்க வழக்குத் தொடுநரிடம் முறையிடலாம்.

கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலையைக் கிராணிமார் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மோட்டார் சைக்கிள் களவானாலும் சரி, மகனை அடித்தவனைப் பற்றிய புகாரானாலும் சரி, அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது புகார்ச் சீட்டின் நகலைக் கொண்டுவாருங்கள். மூலத்தை வீட்டில் பெட்டியில் வையுங்கள். புகார் எண்ணும் தேதியும் அழியாமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேசத்துத் தோழரையும் கூட அழைத்து வாருங்கள்.