பண்ணலும் பழுதுபார்த்தலும்



இலக்கியத்துக்கென ஒதுக்கிய இந்த நேரத்தில், இருவழித் தொடர்பு வானொலிக் கருவியைத் திருத்துவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழாசிரியருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு சொல்லைத் தேடப்போய் வந்த வினை இது. திருத்துநர்கள் 'அலைன்மென்ட்' என்று சொல்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று மாணவன் ஒருவன் கேட்டான். 'ஒழுங்குபடுத்தல்' என்றால் மேசையை அடுக்குவது போலிருக்கிறது. 'நேர்ப்படுத்தல்' என்றால் வளைந்த கம்பியை நிமிர்த்துவது போலிருக்கிறது.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழிசைப்பதற்குரிய எண்வகைச் செயல்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் முதலாவது பண்ணல், மூன்றாவது ஆராய்தல். பாடப்போகும் பண்ணுக்கு இசைய நரம்புகளை முறுக்கி நிறுத்துவது பண்ணல். அவை இசைந்து நின்றனவா என்று ஏறியும் இறங்கியும் செவியால் தெரிந்துகொள்வது ஆராய்தல். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு வேண்டுமா?

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நமது தோட்டங்களில் காமன் கூத்துக்குத் தப்படிப்பவர்களைப் பாருங்கள். பனியில் தோல் தளர்ந்து தப்பு 'சொத சொத' என்று ஒலிக்கும். சருகைக் கூட்டித் தீ மூட்டி, தப்பை அதன்முன் பிடித்துக் காய்ச்சுவார்கள். இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். காய்ச்சல் மிஞ்சினாலும் ஆபத்து, குறைந்தாலும் பயனில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளழைத்ததும் ஒரு காலத்தில் இந்தத் தப்புத்தான். பண்ணலும் ஆராய்தலும் லயத்து வாசலிலேயே நடந்திருக்கின்றன.

கருவிக்கு வருவோம். ஒரே பெட்டிக்குள் வாயும் காதும் இருப்பதுதான் இருவழி வானொலி. காற்றில் வரும் அலை மிக மெலிந்தது. கருவி அதைத் தனக்குள் பிறக்கும் இன்னொரு அலையோடு கலந்து, ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்கிறது. எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்ற அமெரிக்கர் 1918இல் வகுத்த முறை இது. பல கருவிகளில் அந்த இடைநிலை 455 கிலோஹேர்ட்ஸ். அந்த அலை சுருள்கள் வழியே படிப்படியாகப் பெருகிச் செல்லும். ஒவ்வொரு சுருளும் அதே 455க்கு இசைந்து நிற்கவேண்டும். ஒன்று விலகினாலும் குரல் மெலியும், பக்கத்து அலைவரிசையின் இரைச்சல் நுழையும்.

ஏன் விலகுகின்றன? பளிங்குகள் முதுமையடைகின்றன, மின்தேக்கிகள் காய்ந்து போகின்றன. எங்கள் பக்கத்து ஈரமும் மூடுபனியும் இணைப்புகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடுகின்றன. ஆனால் முதுமையைவிடப் பெரிய எதிரி மனிதக் கைதான். பெட்டியைத் திறந்து, உள்ளே 'தளர்ந்து கிடக்கும்' திருகாணிகளையெல்லாம் நல்லெண்ணத்தோடு இறுக்கிவிடும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவை தளர்ந்தவை அல்ல; சரியான இடத்தில் நிறுத்தப்பட்டவை.

ஹட்டன் நகரில் ஒரு திருத்துநர் வேலை செய்வதை அருகிருந்து பார்த்தேன். முதலில் துடைத்தார். பிறகு மின்னழுத்தம் சரியா என்று அளந்தார். திருகாணிப் பக்கம் கை போனது கடைசியில்தான். அதுவும் இரும்புத் திருப்புளியோடு அல்ல, பிளாஸ்டிக் கோலோடு. இரும்பு அருகில் வந்தாலே சுருளின் இயல்பு மாறும். எடுத்தவுடன் செய்த வேலை கலைந்துவிடும். சோதனைக்கு அவர் உள்ளே அனுப்பிய அலையும் கேட்கும் கேட்காத அளவுக்கு மெல்லியது. வலுத்த அலை வந்தால் கருவி தன்னைத்தானே அடக்கிக்கொண்டு எல்லாம் ஒன்றாகவே காட்டுமாம். குறை இருப்பது மெல்லிய ஒலியில்தான் தெரியும். கடைசிச் சுருளில் தொடங்கி முன்னோக்கி வந்து, மீண்டும் ஒருமுறை முழுவதும் சுற்றி வந்தார்.

பேசும் பகுதியைச் சோதிக்கும்போது அன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் போலிச் சுமையொன்றை மாட்டினார். சுமையே இல்லாமல் பேச்சுப் பொத்தானை அழுத்தினால் கடைசி ட்ரான்சிஸ்டர் எரிந்து போகலாம். ஒலிபரப்பி ஊரைத் தொந்தரவு செய்வதும் சட்டப்படி குற்றம். இத்தகைய கருவியைப் பாவிக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வோக்கி டோக்கி என்றாலே எங்கள் சனங்களுக்குப் பயம். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனாலும் மலைநாட்டுக்கு இது வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் தொலைபேசி செத்துக் கிடந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்ப, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர்களின் சிற்றலைக் கருவி உதவியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்தது. பாதைகள் அறுந்தன. பல இடங்களில் தொலைபேசியும் ஓய்ந்தது. கோபுரங்களின் மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்கும்?

கையடக்கக் கருவிகளின் உயர் அதிர்வெண் அலை நேர்கோட்டில் போவது. இடையில் ஒரு மலைமுகடு வந்தால் அந்தப் பக்கம் நிழல்தான். 2524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்பது அதனால்தான். சிற்றலையோ செங்குத்தாக மேலேறி, அயன மண்டலத்தில் பட்டு, மலைக்கு அப்பால் மழைபோல் இறங்கும். பள்ளத்தாக்கில் இருப்பவனுக்கு வானமே வழி.

இதைச் சொல்லும்போது மீரியபெத்தையை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அந்தத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் புதைந்தன. அது ஆபத்தான நிலம் என்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அங்கே கருவி மட்டும் பண்ணமைந்திருந்தால் போதுமா? குடியிருக்க வேறு நிலம் கிடைக்காதவனுக்கு எச்சரிக்கை என்ன செய்யும்? வானொலியை வைத்துக்கொண்டு நிலப் பிரச்சினையை மறைக்க நான் தயாரில்லை.

இன்னொரு சிக்கல் தமிழாசிரியர்களுக்குரியது. எங்கள் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள். பதிவேட்டில் ஆங்கிலப் பெயர்; சனங்களின் வாயில் தமிழ்ப் பெயர். இரைச்சலுக்கு நடுவே ஒருவர் தமிழ்ப் பெயரைச் சொல்ல, மறுமுனையில் இருப்பவர் வரைபடத்தில் அதைத் தேடிக் காணாமல் திகைப்பார். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்ற குழப்பம் வேறு. எங்கள் உயர்தர வகுப்பு மாணவர்கள் இப்போது தம் தம் தோட்டத்தின் இரு பெயர்களையும், பிரிவுகளையும், லய இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்கள். பாட்டிமார்தான் பெரும்பாலும் தகவல் தருகிறார்கள். இதுவரை நாற்பது பக்கங்கள் நிறைந்திருக்கின்றன.