உங்க நட்சத்திரத்தைப் பார்த்திருக்கீங்களா?

உங்க நட்சத்திரம் என்னன்னு கேட்டா உடனே சொல்லிடுவீங்க. வானத்துல அது எங்கே இருக்குன்னு கேட்டா? பலருக்கும் பதில் வராது. அதைத் தேட இன்னைக்கு நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரைக்குப் போவோம்.

1967-ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் முக்கியமான விலங்கு வெளிமான். பேரிலேயே ‘வெளி’ இருக்கு பாருங்க. வேகமா ஓடவும், ஆபத்தைத் தூரத்திலேயே பார்க்கவும் அதுக்குத் திறந்த புல்வெளி வேணும். நாம ‘சும்மா கிடக்கிற நிலம்’னு சொல்றது அதோட வீடு. அந்தப் புல்லுக்குள்ள இப்போ சீமைக்கருவேலம் புகுந்துட்டு வருது. மரம் வளருதேன்னு சந்தோஷப்பட முடியாத இடம் இது.

அந்த வெளியிலதான் வானமும் முழுசாத் தெரியும். தை அமாவாசைக்குக் கடலாட வர்றவங்க, ராத்திரி எட்டு மணிக்கு அண்ணாந்து பாருங்க. உச்சிக்குப் பக்கத்துல கொத்தா கார்த்திகை. அதுக்குக் கிழக்கே லேசாச் சிவந்த ரோகிணி. இன்னும் கிழக்கே மூணு நட்சத்திரம் வரிசையா நிற்கும், அதுதான் ஓரியன். அதோட தலைப்பக்கம் மங்கலாத் தெரியறது மிருகசீரிடம். மான் தலைன்னு அர்த்தம்! சிவந்த தோள், திருவாதிரை.

இப்போ வடக்கே திரும்பி, கையை நீட்டி முஷ்டியைப் பிடிங்க. அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்துல துருவ நட்சத்திரம். இங்கே அட்சரேகை சுமார் 10 பாகைங்கிறதால அவ்வளவு தாழ்வு. பக்கத்துல ஒரு மாடிவீடு இருந்தாலே மறைஞ்சிடும்.

குளிர்காலத்துல கோடியக்கரைக்குப் பறவைகள் வலசை வருதுன்னு தெரியும். வலசைப் பறவைகள் பலவும் ராத்திரியிலதான் பறக்கும். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் எம்லன் 1970-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். கோளரங்கத்துல வானம் திருவாதிரையைச் சுத்திச் சுழல்ற மாதிரி காட்டி நீலக் குருவிக் குஞ்சுகளை வளர்த்தார். வலசைக் காலத்துல அதுங்க திருவாதிரையையே வடக்குன்னு எடுத்துக்கிச்சு! குஞ்சாயிருக்கும்போதே வானத்தைப் பார்த்துப் படிக்குதுங்க. நம்ம பளீர் விளக்குகள் இந்தப் பயணிகளைத் திசை மாத்தி இழுத்துடுது.

நட்சத்திரம் பார்க்கச் சரணாலயத்துக்குள்ளதான் நிற்கணும்னு இல்லை. வனத்துறை சொல்ற நேரத்துக்கு வெளியே வந்திடுங்க. விளக்கு படாத வயல்வெளி போதும். செல்போன்ல நட்சத்திர வரைபடச் செயலி இருந்தா, திரையைச் சிவப்புக்கு மாத்துங்க. வெள்ளை வெளிச்சம் ஒருதரம் பட்டா, கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20 நிமிஷமாவது ஆகும். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடிங்க. வீட்டு வாசல் விளக்கு வானத்தைப் பார்த்து எரிஞ்சா, அதையும் கீழ்நோக்கித் திருப்பிடுங்க.