சிங்கமீனின் பசி



காட்டிலே சிங்கம் பாய்ந்து இரை கொள்வதை யாவரும் அறிவர். கடலிலும் சிங்கத்தின் பெயர் தாங்கிய மீனொன்று உண்டு. செந்நிறமும் வெண்மையும் கலந்த வரிகளும், பிடரிமயிர்போல் விரிந்து நிற்கும் செட்டைகளும் உடைய இதனைச் சிங்கமீன் என்பர். இந்து சமுத்திரமும் பசிபிக் சமுத்திரமும் இதன் தாயகம். இலங்கையைச் சூழ்ந்த முருகைக்கற் பாறைகளிலும் இவ்வினம் வாழ்கின்றது. பெரும்பாலும் ஒன்றரை அடியை எட்டாத இம்மீன் எதை உண்கின்றது, எவ்வாறு உண்கின்றது என்பதை இன்று ஆராய்ச்சியாளர் கவலையோடு நோக்குகின்றனர்.

இது இரையைத் துரத்தி ஓடுவதில்லை. பெரும்பாலும் வைகறையிலும் அந்தியிலும், ஒளி மங்கிய வேளை பார்த்துப் புறப்படும். இருபுறச் செட்டைகளையும் விசிறிபோல விரித்து, கரைவலை வளைப்பதுபோலச் சிறு மீன்களைப் பாறை மூலைக்கு மெல்ல ஒதுக்கும். சில வேளைகளில் இரையை நோக்கி வாயினால் நீரைப் பீச்சும். நீரோட்டம் வந்து மோதுவதாக மயங்கிய இரை அத்திசைக்கு முகத்தைத் திருப்பும் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். மறுகணம் சிங்கமீன் வாயைத் திறந்து, நீரோடு இரையை உறிஞ்சி, முழுதாக விழுங்கிவிடும்.

இளமையில் இறாலையும் சிறு நண்டையும் மிகுதியாக உண்ணும். வளர வளர மீனே அதன் பேருணவாகும். தன் நீளத்திற் பாதியளவான இரையையும் விழுங்கவல்லது. நிறைந்த வயிறு 30 மடங்குவரை விரியும். இரை கிடையாதபோது பல வாரங்கள் பட்டினி கிடக்கவும் இயலும். முதுகிலுள்ள 13 முட்கள் உட்பட 18 நச்சு முட்கள் இதற்குக் காவலாக உள்ளன.

தாயகத்தில் இவை ஐதாகவே வாழ்கின்றன. வேடனும் இரையும் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தமையால் அங்கே ஒரு சமநிலை உண்டு. ஆனால் 1985ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்திலே, புளோரிடாக் கரையருகே, சிங்கமீன் காணப்பட்டது. அழகுக்காகக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்தோர் கடலில் விட்டதனாலேயே அது அங்கு சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2004இல் பஹாமாத் தீவுகளில் தோன்றிப் பின்னர் கரிபியன் கடலெங்கும் அது பரவிற்று. ஒரு பெண்மீன் ஆண்டொன்றில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அக்கடற் சிறுமீன்களோ இவ்வேடனை முன்பின் அறியாதவை.

ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், பஹாமாவிற் சில சிறு பாறைகளில் ஒவ்வொரு சிங்கமீனை விட்டு, அஃதில்லாத பாறைகளோடு ஒப்பிட்டனர். 2008இல் வெளிவந்த அவர்களின் முடிவு திடுக்கிடச் செய்வது. 5 வாரங்களுக்குள், சிங்கமீன் இருந்த பாறைகளிற் புதிதாக வந்து சேரும் இளமீன்களின் தொகை சராசரியாக 79 சதவீதம் குறைந்திருந்தது.

இவ்வாறு இரையாவனவற்றுள் கிளிமீன் குஞ்சுகளும் உள. பாறைமேற் படரும் பாசியை மேய்ந்து துப்புரவு செய்வது கிளிமீன். அது அருகினாற் பாசி பெருகி முருகைக்கல்லை மூடும். பாறை நலிந்தால், அதனை நம்பிய கடற்றொழிலாளரின் வலையும் வெறுமையாகும்.

ஆகவே அந்நாடுகளிலே சுழியோடிகள் ஈட்டி கொண்டு சிங்கமீனை வேட்டையாடுகின்றனர். அதற்கெனப் போட்டிகளும் நடத்தப்படுகின்றன. முட்களை நீக்கிச் சமைத்த அதன் இறைச்சி கரிபியன் உணவுச்சாலைகளில் விருந்தாகின்றது. கடலில் அதற்குத் தக்க பகை இல்லாத குறையை மனிதனே நிரப்ப வேண்டியதாயிற்று. எனினும், பரந்த சமுத்திரத்திற் பரவிய மீனை முற்றாகக் களைதல் அரிது.

இந்து சமுத்திரத்திலும் அத்திலாந்திக்கிலும் சிங்கமீனின் பசி ஒன்றே. அதனை இடம்பெயர்த்தது மனிதனின் கை. வீட்டில் அலங்கார மீன் வளர்ப்போர் இதனை நெஞ்சிற் கொள்ளல் நன்று. வளர்க்க இயலாத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ கடலிலோ விடுவது இரக்கச் செயல்போலத் தோன்றும். வாங்கிய கடையிலோ, வளர்க்க விரும்பும் வேறொருவரிடமோ அதனை ஒப்படைப்பதே அம்மீனுக்கும் அந்நீரில் வாழும் மற்றெல்லா உயிர்களுக்கும் செய்யும் உண்மையான இரக்கமாகும்.